மேற்கு ஜன்னலுக்குப் பெல்மெட், மற்றதற்கு ஜாலர்: வேலூர் வெயிலில் எது தாங்கியது?

காட்பாடி காந்தி நகரில் எங்கள் வீடு. மேற்குப் பார்த்த வாசல், மேற்குப் பார்த்த ஹால். வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே இல்லை. கத்திரி முடிந்த பிறகும் அந்தப் பக்கச் சுவர் ராத்திரி வரைக்கும் சுடும். வீட்டைப் புதுப்பித்தபோது ஹாலுக்கும் ஏ.சி. வைத்த படுக்கையறைக்கும் பிளைவுட் பெல்மெட் அடித்தோம், அதாவது ஸ்கிரீன் ராடை மறைக்கிற பலகைப் பெட்டி. மற்ற ஜன்னல்களுக்குத் துணி ஜாலர், ஸ்கிரீனுக்கு மேலே சுருக்கம் வைத்துத் தொங்குகிற குட்டைத் துணி. பாலாறு கரைபுரண்ட 2021 நவம்பர் மழைக்கு முன்பே போட்டது என்பதால் இப்போது பேசலாம். பெல்மெட் போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: மேலே மூடி வைத்துப் போடுவதானால் போடுங்கள். இல்லையென்றால் அந்தக் காசுக்குக் கனமான ஸ்கிரீன் துணி எடுத்துக்கொள்ளுங்கள்.

மூடி என்றதும் எங்கள் ஆசாரிக்கு அது வீண் செலவாகத்தான் பட்டது. “மேல யாரு அக்கா ஏறிப் பாக்கப் போறாங்க? முன்பலகை, ரெண்டு சைடு, அவ்ளோதான் எல்லா வீட்லயும்” என்றார். அவர் சொன்னது உண்மைதான், பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பெல்மெட் செய்கிற ஒரே உருப்படியான வேலை அந்த மேல்மூடியில்தான் இருக்கிறது. வெயில் பட்ட கண்ணாடிக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவில் சிக்கிய காற்று சூடாகி மேலே ஏறும். மேலே திறந்திருந்தால் அது நேராக அறைக்குள் வந்து கொட்டும். அது போன இடத்துக்குக் கீழிருந்து அறைக்காற்று போய்ச் சேர்ந்து, அதுவும் சூடாகி ஏறும். நாள் முழுக்க இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். மூடி இருந்தால் சூட்டுக்காற்று அந்தப் பொந்திலேயே தேங்கி நிற்கும். ஸ்கிரீன் தரை வரைக்கும் இறங்கி, பக்கவாட்டிலும் சுவரை ஒட்டி நின்றால் இன்னும் நல்லது.

இதை ஏ.சி. அறையில் நன்றாகவே உணர முடிந்தது. மதியம் அறை குளிர எடுத்துக்கொள்ளும் நேரம் குறைந்தது. ஜன்னலுக்கு மேலே சீலிங்கில் கோடாக விழுந்துகொண்டிருந்த வெளிச்சமும் நின்றுபோனது. நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள் வீட்டில் இருந்தால் இதற்காகவே மூடி போடலாம். வேலூரில் ஆஸ்பத்திரி வேலைக்காரர்கள் இல்லாத தெரு எது? ஆனால் ஹாலில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை. காரணம் எளிது. சாயங்காலம் ஆனதும் ஜன்னலைத் திறந்துவிடுகிறோம், திறந்த ஜன்னலில் பெல்மெட் வெறும் அலங்காரம்தான். அதோடு, வெயிலை உண்மையில் தடுப்பது வெளியே இருக்கிற சன்ஷேடும் வேப்பமரமும்தான். உள்ளே எதைக் கட்டினாலும் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட சூட்டைச் சமாளிக்கிற வேலைதான்.

இனி அளவு. எங்கள் ஹால் ஜன்னல் ஐந்து அடி அகலம். இரண்டு பக்கமும் அரையடி தள்ளி ஆறு அடிக்குப் பெல்மெட். முன்பலகை 8 அங்குல உயரம், ஆழம் 6 அங்குலம். ராடு சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி நிற்கும், ஸ்கிரீன் மடிப்புக்கு முன்னால் இன்னொரு மூன்று வேண்டும். மெல்லிய துணி ஒன்று, கனமான துணி ஒன்று என்று இரட்டை ராடு போடுகிறவர்கள் 8 அங்குல ஆழம் கேளுங்கள், இல்லையென்றால் திரையை இழுக்கும்போதெல்லாம் பலகையில் உரசும்.

எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட் ஒன்றில் இந்த அளவில் மூன்று பெல்மெட் தேறும். முன்பலகைக்கு 8, மூடிக்கு 6, ஆக ஒன்றுக்கு 14 அங்குலம். ஷீட்டின் அகலம் 48 அங்குலம், மூன்று பதினாலு 42. நீளத்தில் மிஞ்சுகிற இரண்டடித் துண்டிலேயே பக்கப் பலகைகள் வந்துவிடும். “ரெண்டு ஷீட் ஆகும்” என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டுங்கள்.

பிளைவுட்டில் தரம் பார்த்து எடுங்கள். ஐ.எஸ். (இந்தியத் தரக் குறியீடு) 303 என்ற அச்சு இருந்தால் பொதுப் பயன்பாட்டுக்கானது, ஐ.எஸ். 710 என்றால் மரைன், ஈரத்தைத் தாங்குகிற ரகம். ஹால் போன்ற காய்ந்த இடத்துக்கு மரைன் தேவையில்லை என்பது பொதுவான பேச்சு. ஆனால் மேற்குச் சுவர் மழைக்காலத்தில் ஓதம் கோத்துக்கொள்ளும் என்பது தெரிந்திருந்ததால் நாங்கள் 12 மி.மீ. மரைனே எடுத்தோம். 2021 மழையில் சுவரில் பெயின்ட் கொப்பளித்தது, பெல்மெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டில் பார்ட்டிக்கிள் போர்டில் (மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை) போட்டது அதே மழையில் சுவரை ஒட்டிய ஓரத்தில் ரொட்டி போல உப்பிக்கொண்டது. பார்ட்டிக்கிள் போர்டு ஒருமுறை உப்பினால் திரும்பாது, கழற்றிப் போட வேண்டியதுதான்.

மாட்டுவதில் ஒரு விஷயம். ஜன்னலுக்கு மேலே இருப்பது லிண்டல், அதாவது சுவரைத் தாங்குகிற கான்கிரீட் உத்தரம். சாதாரண டிரில் அதில் வழுக்கும், ஹேமர் டிரில்தான் வேண்டும். உள்ளே கம்பி தட்டினால் அரை அங்குலம் தள்ளிப் போட வேண்டும், வலுக்கட்டாயமாக இறக்கக் கூடாது. நாங்கள் சுவரில் எல் ஆங்கிள் அடித்து, மூடியை அதன்மேல் உட்காரவைத்து, கீழிருந்து ஸ்குரூ முடுக்கச் சொன்னோம். நாலு ஸ்குரூ கழற்றினால் பெட்டி முழுசாகக் கையில் வந்துவிடும். பெயின்ட் அடிக்கும்போது இந்த வசதியின் அருமை தெரிந்தது. சுவரோடு வைத்துப் பட்டி பார்த்துவிட்ட வீடுகளில் பெல்மெட்டைச் சுற்றிப் பழைய கலர் ஒரு சட்டம் போல நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

நம் ஊர் ஜன்னலுக்கென்று இன்னொரு சிக்கல் இருக்கிறது. மரக் கதவு வெளியே திறக்கும், கொசுவலைக் கதவு உள்ளே திறக்கும். பெல்மெட்டின் அடி விளிம்பு கொசுவலைச் சட்டத்தின் மேல் விளிம்பைவிடக் கீழே இறங்கினால் கதவு இடிக்கும். பலகைக்கு அளவெடுக்கும்போது வலைக் கதவை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு அளவெடுக்கச் சொல்லுங்கள்.

சுத்தம் செய்வதைப் பற்றிச் சொன்னால் என் மாமியார் சண்டைக்கு வருவார். “அழகு இருக்கட்டும், ஒட்டடைக் கோல் இதுக்குள்ள எப்படிம்மா போகும்?” என்று முதல் நாளே கேட்டவர் அவர். வெளிப்பக்கம் பிரச்சினை இல்லை. சன்மைக்கா ஒட்டியது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். மூடிமேல் படிகிற தூசியை வாரம் ஒருமுறை ஸ்டூல் போட்டு எடுக்கிறோம். பாலாற்றுப் பக்கம் காற்றடிக்கிற நாட்களில் அது நறநறவென்று மணலாகவே இருக்கும். உட்பக்கம்தான் பாடு. பல்லி அங்கே நிரந்தரக் குடித்தனம். போதாததற்கு ஒரு குளவி வந்து ராடு பிராக்கெட்டுக்கும் மூடிக்கும் நடுவில் மண்கூடு கட்டியது. விரல் தடிமனில் வரிசையாகக் குழாய்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு ஈர நிறம், புதிதாகப் பூசியது கறுப்பாக, பழையது வெளுத்து. உடைந்த ஒரு குழாய்க்குள் செத்தது போலக் கிடந்த சிலந்திகள், குஞ்சுக்கு வைத்த தீனி. குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று மாமியார் அதைத் தொட விடவில்லை. குளவி காலி செய்து போன பிறகுதான் சுரண்டினோம். குழந்தை விஷயத்தில் தகவல் எதுவும் இல்லை.

இப்போது ஜாலர். கணக்கு சுலபம்: ஸ்கிரீன் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஐந்தடி ஸ்கிரீனுக்கு ஓரடி ஜாலர். அதைவிட இறங்கினால் ஜன்னல் குட்டையாகி, அறையே இருண்டு தெரியும். சுருக்கத்துக்கு அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி. ஆறடி ராடுக்குப் பன்னிரண்டு அடி, இரண்டு பக்கமும் சுவர் வரைக்கும் திரும்ப இன்னும் இரண்டடி. 48 அங்குல அகலத் துணியாக இருந்தால், மடிப்புத் தையலோடு 15 அங்குலப் பட்டைகள் நாலு வெட்ட ஐந்து அடி துணி வேண்டும். ஒட்டுத் தையலுக்கும் சேர்த்து ஒன்றே முக்கால் மீட்டர் எடுத்தால் நிம்மதி. தையற்காரரிடம் ராடு நுழைக்கிற மாதிரி தைக்கச் சொல்லாதீர்கள், வெல்க்ரோ வைக்கச் சொல்லுங்கள். ஒரு பாதியைச் சுவர்க்கட்டையில் அடித்துவிட்டால், ஜாலரைப் பிய்த்துத் துவைத்து மறுபடி ஒட்டுவது அஞ்சு நிமிஷ வேலை. எங்கள் வெல்க்ரோவின் பிடி இன்னும் விடவில்லை. அதன் கொக்கிப் பக்கத்தில் நூல் சேர்ந்துகொள்ளும், பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும்.

துணியில் எனக்கு மிகவும் பிடித்தது சமையலறை ஜன்னல்: குடியாத்தம் லுங்கித் துணி, பச்சை வெள்ளைக் கட்டம். வெயிலில் கொஞ்சம் வெளுத்தாலும் அது ஒரு அழகாகத்தான் இருக்கிறது, எண்ணெய்ப் பிசுக்கு சீயக்காய் போட்டுக் கசக்கினால் போகிறது. அடுப்புக்கு நேர் மேலே உள்ள ஜன்னலுக்கு மட்டும் துணியே கூடாது, அங்கே நாங்கள் எதையும் தொங்கவிடவில்லை.

பழைய ஆரணிப் பட்டுச்சேலையின் முந்தானையை வெட்டி ஜாலராக்குவது இப்போது பலர் செய்கிறார்கள். பார்க்க அமர்க்களமாக இருக்கும். நாங்களும் ஒன்று தைத்தோம், ஆனால் பூஜையறை வாசலுக்கு. பட்டு நூலுக்கும் வெயிலுக்கும் ஆகாது. ஜன்னலில் தொங்கினால் நிறம் போவது ஒரு பக்கம், இழையே இற்றுப்போய் மடிப்பு மடிப்பாகக் கிழியும். வெயில் படாத இடத்தில் பார்டர் கீழே வருகிற மாதிரி, பின்னால் காடாத் துணி லைனிங் கொடுத்துத் தைத்தால் வருஷக்கணக்கில் இருக்கும். லைனிங் இல்லாமல் தைத்தால் ஜரிகையின் கனமே பட்டை இழுத்துத் தொங்கவிடும்.

ஸ்பாஞ்ச் வைத்து ரெக்சின் சுற்றிய மெத்தைப் பெல்மெட்டும் உண்டு. ராணிப்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டில் பார்த்தது. தோல் ஊர்க்காரர்கள் ஆயிற்றே, முதல் இரண்டு கோடை வரைக்கும் கம்பீரமாக இருந்தது. பிறகு மேல்தோல் செதில் செதிலாக உரிய ஆரம்பித்து, பெருக்கும்போதெல்லாம் கறுப்புத் துகள். நிஜத் தோல் உரியாதுதான், ஆனால் ஜன்னல் சூட்டில் வறண்டு வெடிக்கும். எங்கள் பக்கத்து ஊர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன். மெத்தை மாதிரிதான் வேண்டும் என்றால் பஞ்சின்மேல் பருத்தித் துணி சுற்றி, பின்பக்கம் ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொள்ளுங்கள், அழுக்கானால் துணியை மட்டும் மாற்றலாம்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் தேவைப்படாமலும் போகலாம். ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்கள் ஜன்னல் ஓரத்தில் ஆறு அங்குலப் பள்ளம் விட்டு ராடை அதற்குள்ளேயே மறைத்துவிடுகிறார்கள். அடுத்து எங்கள் மாடி அறைக்கு ரோலர் பிளைண்ட் வரப்போகிறது. அதற்கு நாலு அங்குல ஆழமே தாராளம் என்று ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன். இந்தமுறை மூடியைப் பற்றி அவரே கேட்டார்.