பூச்சிமருந்துக்கு இடம்: பரணா, வீட்டுப் பெட்டியா, மோட்டார் கொட்டகையா?

காவேரிப்பட்டணம் பக்கம் மாமரம் பூவெடுக்கும் காலத்தில் தத்துப்பூச்சிக்கு அடிக்கும் மருந்து இல்லாத தோட்டத்து வீடு அபூர்வம். பேரன் தவழத் தொடங்கியதும் அதை எங்கே வைப்பது என்ற பேச்சு எங்கள் வீட்டிலும் வந்தது. பரண், வீட்டுக்குள் பூட்டிய தகரப்பெட்டி, மோட்டார் கொட்டகையில் பூட்டிய பெட்டி என்று மூன்று யோசனைகள். கொட்டகையைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

பரணைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. நாற்காலியை இழுத்துப் போடத் தெரிந்த பிள்ளைக்கு உயரம் தடையே அல்ல. மூடி கசிந்தால் கீழே இருக்கும் அரிசி மூட்டையில்தான் சொட்டும்.

வீட்டுப் பெட்டி அதைவிட எவ்வளவோ மேல். சிக்கல் அந்தி நேரத்தில் வருகிறது. மருந்தடித்துக் களைத்து வரும் மகனின் கையில் பாதி பாட்டில் இருக்கும். சாவி மருமகளிடம், அவளோ மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பாள். "அப்புறம் வைக்கலாம்" என்று பாட்டில் திண்ணையில் உட்கார்ந்துவிடும். குழந்தைக்கு அந்த அரைமணி நேரம் போதும்.

ஆகவே நான் பார்ப்பது பெட்டியின் கனத்தை அல்ல, பூட்டை. கொட்டகைப் பெட்டிக்கு அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு வாங்கினோம். திறக்கத்தான் சாவி வேண்டும், பூட்டுவதற்கு வேண்டாம். அந்தச் சாவியும் கொட்டகைச் சாவிக்கொத்திலேயே தொங்குகிறது. அளக்கும் மூடி, கலக்கும் குச்சி, கையுறை எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் மருந்து வீட்டு வாசற்படி ஏற வேலையே இல்லை. கிணற்று ஈரத்தில் பூட்டு துருப்பிடிக்கும். அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். அந்தப் பராமரிப்புக்குச் சோம்பல்பட்டால் பூட்டு இறுகி, பெட்டி திறந்தே கிடக்கும்.

மிச்ச மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கிறவர்களுக்கு எந்தப் பூட்டும் உதவாது. லேபிளில் உள்ள முக்கோணம் சிவப்பு என்றால் நஞ்சு மிகக் கடுமை. மஞ்சள், நீலம், பச்சை என்று படிப்படியாகக் குறையும். மருத்துவருக்கும் அந்த லேபிள்தான் முதல் தகவல்.

கொட்டகை வீட்டுச் சுவரை ஒட்டியே இருந்தால் தூரத்தின் பலன் போய்விடும், பூட்டின் பலன் மட்டும் மிஞ்சும். ஓசூரில் வாடகை வீட்டில் இருக்கும் மகள், அலமாரிக் கதவில் ஒட்டும் பிளாஸ்டிக் கொக்கி போட்டிருக்கிறாள். புதிதாகப் போட்டது, மழைக்காலத்தில் பசை தாங்குமா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

மண்ணெண்ணெய், பினாயில், பெரியவர்களின் மாத்திரை இவற்றைக் கொட்டகைக்கு அனுப்ப முடியாது. அவற்றுக்கு வீட்டுப் பெட்டிதான், அதே வகைப் பூட்டோடு. பூஜை மாடத்துக் கற்பூரத்தையும் அதில் சேர்த்தேன். வீட்டில் சிரித்தார்கள், ஆனால் சிறிதளவு விழுங்கினாலே குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும்.

தப்பித்தவறி குடித்துவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மண்ணெண்ணெய் என்றால் அது நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். 108 எண்ணையும், டெல்லி எய்ம்ஸ் நஞ்சுத் தகவல் மையத்தின் 1800 116 117 எண்ணையும் கொட்டகைக் கதவிலும் சமையலறைச் சுவரிலும் எழுதி வைத்திருக்கிறோம்.