வாட்ஸ்அப், மீட், ஜூம்: செட்டிநாட்டுச் சேவைப் பணிக்கு எது தோது?

கொரோனாக் காலத்தில் வேறு வழியில்லாமல் வீடியோவுக்கு வந்த சேவை அமைப்புகள் இன்னும் அதை விடவில்லை. விடவும் முடியாது. தேவகோட்டை, புதுவயல், கண்டனூர், திருப்பத்தூர் என்று நான்கு ஊர்க் குடும்பங்களை ஒரே நாளில் நேரில் பார்க்கக் கிளம்பினால் பஸ்ஸிலேயே பொழுது போய்விடும். சரி, எந்தச் செயலியில் பேசுவது? இளவட்டங்கள் கூகுள் மீட் என்பார்கள், பயிற்சி நடத்துபவர்கள் ஜூம் என்பார்கள், ஆச்சிமார் வாட்ஸ்அப்பைத் தவிர எதையும் தொடமாட்டார்கள். போனைப் பிடித்திருப்பவர் யார், வீட்டில் எந்த இடத்தில் உட்கார்ந்து பேசுகிறார் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்வதில் அர்த்தமில்லை என்பது என் கட்சி.

தனியாக இருக்கும் முதியவர்களுக்கு வாட்ஸ்அப்தான். இதில் விவாதமே வேண்டாம். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, முகப்பிலிருந்து பின்கட்டு வரை நீளும் வீட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் இருக்கும் குடும்பங்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. பேரப்பிள்ளைகளைப் பார்க்க அவர்கள் ஏற்கெனவே பழகியது வாட்ஸ்அப். லிங்க், மீட்டிங் ஐடி, பாஸ்கோடு என்று ஆரம்பித்தால் போனை வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் நீட்டிவிடுவார்கள். அதோடு அந்தரங்கமும் போயிற்று.

ஆனால் வீடியோவில் முகம் தெரியும், வீடு தெரியாது. நேரில் போனால் வளவு (வீட்டின் நடு முற்றம்) கூட்டப்பட்டிருக்கிறதா, அடுப்பு மூட்டிய அடையாளம் இருக்கிறதா என்பதெல்லாம் கேட்காமலே தெரிந்துவிடும். வீடியோவில் ஒவ்வொன்றையும் கேட்டு வாங்க வேண்டும். “ஆச்சி, அந்த மாத்திரை அட்டையக் கொஞ்சம் கேமரா முன்னால காட்டுங்க” என்றால் முதலில் தேக்கு உத்திரம் தெரியும், அப்புறம் அவர் காது, கடைசியில்தான் அட்டை. அவசரப்படாமல் இருந்தால், மூன்று நாளாக ராத்திரி மாத்திரை போடாதது தெரியவரும். பின்பக்கக் கேமராவுக்கு மாற்றுவதை மட்டும் முதல் தடவை நேரில் போகும்போதே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். பாதி வேலை மிச்சம்.

வாட்ஸ்அப்பின் பெரிய குறை, போன் எண். பணியாளரின் சொந்த எண் ஊருக்கே தெரிந்துவிட்டால் ராத்திரி பதினொரு மணிக்கும் வீடியோ கால் வரும். சேவைக்கென்று தனி சிம் வாங்கிவிடுவது நல்லது. குழு அழைப்பில் 32 பேர் வரை சேரலாம் என்றாலும், ஒருவர் எண் இன்னொருவருக்குப் போய்ச் சேரும். குடிநோய், கடன் தொல்லை மாதிரி விஷயங்களைப் பேசும் குழுவை இதில் கூட்டக் கூடாது.

வீட்டில் அடி உதை படும் பெண்ணிடம் பேசுவது என்று வந்தால் மூன்று செயலியும் ஒன்றுதான், மூன்றும் போதாது. வாட்ஸ்அப் அழைப்பு முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டது, நடுவில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்கிறார்கள். உண்மைதான். ஒட்டுக் கேட்பவர் பக்கத்து அறையில் அல்லவா இருக்கிறார்! பழைய வீடுகளில் சுவர் தடிமன், உள்ளறையில் சிக்னல் தடுமாறும். சிக்னல் தேடி வளவுக்கு வந்தால் அறைக் கதவுகள் எல்லாம் அங்கேதான் திறக்கும். திண்ணைக்கு வந்தால் தெருவே கேட்கும். புதுக் காங்கிரீட் வீட்டில் சிக்னல் கிடைத்தாலும் இருப்பது இரண்டு அறை. அதனால் முதல் கேள்வி இப்படித்தான் இருக்க வேண்டும்: “பக்கத்துல யாரும் இருக்காங்களாம்மா? ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க.” ஆள் இருந்தால் சுயஉதவிக் குழுக் கடன் தவணைக்குப் பேச்சை மாற்றிவிட வேண்டும்.

இந்த வேலைக்கு வீடியோவைவிடச் சாதாரண போன் கால் மேல். காதோடு வைத்துக்கொண்டால் நம் குரல் வெளியே போகாது. வீடியோவில் ஸ்பீக்கர் ஊரைக் கூட்டும். அதைவிட மேல், அங்கன்வாடியிலோ ரேஷன் கடைப் பக்கமோ தற்செயலாகச் சந்திப்பது போல நேரில் பார்ப்பது. பேசிய அழைப்பு போனில் பதிந்திருக்கும், அழிக்கச் சொல்ல மறந்துவிடக் கூடாது. உடனடி ஆபத்து என்றால் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

கூட்டம் என்றால் கதையே வேறு. இலவச மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம், இலவச ஜூமில் 40 நிமிடம். இரண்டிலும் 100 பேர் வரை வரலாம். நம் ஊரில் “எல்லாரும் வந்தாச்சா, கேக்குதா?” என்று விசாரித்து முடிக்கவே பத்து நிமிடம் ஓடிவிடும். ஆகவே சுயஉதவிக் குழுத் தலைவிகள் கூட்டத்துக்கும் பணியாளர் ஆய்வுக் கூட்டத்துக்கும் மீட்தான் வசதி. ஆண்ட்ராய்டு போனில் ஜிமெயில் கணக்கு பெரும்பாலும் இருக்கும், போன் எண்ணும் வெளியே தெரியாது.

பயிற்சிக்கு மட்டும் ஜூமை விட்டுக்கொடுக்க மனமில்லை. பெரிய கூட்டத்தைச் சிறு அறைகளாகப் பிரித்து, ஆறு ஆறு பேராகப் பேசவிட்டு, திரும்பக் கூட்டி வரும் வசதி அதில் இலவசமாகவே கிடைக்கிறது. கணினியில் நடத்தினால் பதிவும் செய்துகொள்ளலாம், எல்லோரிடமும் சம்மதம் கேட்டுவிட்டு. 2020 ஏப்ரலில் உள்துறை அமைச்சகம் ஜூம் பாதுகாப்பான தளம் அல்ல என்று எச்சரித்தது பலருக்கு நினைவிருக்கும். அதன் பிறகு முனைக்கு முனை மறையாக்கமும் வந்துவிட்டது, ஆனால் நாமாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். வருகிறவரை நாம் பார்த்து உள்ளே விடும் காத்திருப்பு அறையையும் போட்டுவையுங்கள். ஜிட்சி என்று இன்னொரு வீடியோச் செயலி உண்டு, திறமூலம், அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம். கணினியோடு பழகிய சிறு குழுவுக்குப் பரவாயில்லை, ஊர் மக்களிடம் கொண்டுபோக வேண்டாம்.

காது கேளாதவர்களுக்கு வீடியோ பெரிய வரம், போன் காலால் அவர்களுக்கு என்ன பயன்? கட்டம் கட்டமாகப் பத்து முகம் வந்தால் சின்னத் திரையில் கை அசைவு தெரியாது. சைகைமொழிபெயர்ப்பாளரின் படத்தைப் பெரிதாக நிறுத்திவைக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மருத்துவ ஆலோசனையை இந்தச் செயலிகளில் நாமே நடத்தப் பார்க்காமல் மத்திய அரசின் இணையவழி மருத்துவ ஆலோசனைச் சேவையான இசஞ்சீவனிக்கு அனுப்பிவிடலாம், கட்டணம் இல்லை. மனநலத்துக்கு 2022 அக்டோபரிலிருந்து டெலிமானஸ் என்ற அரசு உதவி எண் 14416 இருக்கிறது. 2024 அக்டோபரில் வீடியோ ஆலோசனையை முதலில் தொடங்கிய இடங்களில் தமிழ்நாடும் ஒன்று.

கடைசியாக டேட்டா. ஒரு மணி நேர வீடியோ அரை ஜிபிக்கு மேலேயே தின்னும். தினம் ஒன்றரை ஜிபி பேக் வைத்திருக்கும் வீட்டில் சாயங்காலத்துக்குள் பிள்ளைகள் யூடியூபில் தீர்த்துவிடுவார்கள். ஏழு மணிக் கூட்டத்துக்கு அம்மாவால் எப்படி வர முடியும்? கூட்டத்தைக் காலைக்கு மாற்றி, வருகிறவர்களுக்கு அமைப்பே ரீசார்ஜ் செய்து கொடுத்தால் வருகை தானாகக் கூடும். அதற்குக் காசில்லை என்று சொல்லிவிட்டு ஜூமுக்கு மாதாமாதம் சந்தா கட்டும் அமைப்புகளும் இருக்கத்தான் செய்கின்றன.