அ → அ: ஹில்பர்ட் வழியில் ஐந்து வரி, கென்ட்சன் வழியில் இரண்டு

பொருளைத் தொடாமல், குறிகளை மட்டும் பார்த்தே ஒரு நிறுவலைச் சரிபார்க்க முடிய வேண்டும். கணிதவியலாளர் ஹில்பர்ட்டின் வடிவவாதம் கேட்பது இதைத்தான். அதற்கு மெய்கோள்களை (நிறுவாமலே ஏற்கும் கூற்றுகளை) நம்பும் ஹில்பர்ட் முறை ஒன்று. விதிகளை நம்பும் இயற்கை உய்த்தறிதல் இன்னொன்று. பின்னதை 1934-35 வாக்கில் தர்க்கவியலாளர்கள் கென்ட்சனும் யாஸ்கோவ்ஸ்கியும் தனித்தனியே வெளியிட்டார்கள்.

ஹில்பர்ட் முறையில் 'என்றால்' குறிக்கு (→) இரண்டு மெய்கோள்கள்; அ, இ, உ இடத்தில் எந்தக் கூற்றையும் போடலாம்:

மெ1: அ → (இ → அ)
மெ2: (அ → (இ → உ)) → ((அ → இ) → (அ → உ))

விதி ஒன்றே: அ, அ → இ இரண்டும் கையில் இருந்தால் இ எழுதலாம். இனி அ → அ:

1. (அ → ((அ → அ) → அ)) → ((அ → (அ → அ)) → (அ → அ)) [மெ2]
2. அ → ((அ → அ) → அ) [மெ1]
3. (அ → (அ → அ)) → (அ → அ) [விதி: 2, 1]
4. அ → (அ → அ) [மெ1]
5. அ → அ [விதி: 4, 3]

சரிபார்ப்பது சுலபம். ஆனால் முதல் வரியில் இ இருந்த இடத்தில் அ → அ போட வேண்டும் என்று எப்படித் தோன்றும்? முறை எந்தத் துப்பும் தருவதில்லை. இதுதான் அதன் பெரிய குறை.

கென்ட்சன் வழியில் அ என்று கருதிக்கொள்கிறோம். அந்தக் கருதுகோளை விடுவித்து, அதாவது 'அ என்றால்' என்று முடிவின் முன்னே சேர்த்து, அ → அ எழுதுகிறோம். முடிந்தது.

உய்த்தறி தேற்றம் கருதுகோள் வைத்த நிறுவலை ஹில்பர்ட் நிறுவலாக மாற்றித் தரும். விலை அதிகம்: கருதுகோள் இருக்கும் வரி மேலே கண்ட ஐந்து வரியாகும், மற்ற ஒவ்வொன்றும் மூன்றாகும். நான்கு கருதுகோள்கள் தலா ஒருமுறை வரும் 10 வரி நிறுவலில் அவற்றை ஒவ்வொன்றாக விடுவித்தால் 32, 98, 296, கடைசியில் 890 வரி.

எனவே நிறுவல் எழுத கென்ட்சன் வழியே மேல். கணினியில் நிறுவல் எழுதிச் சரிபார்க்க உதவும் லீன் மென்பொருளில் கருதுகோளை உள்ளே கொண்டுவர 'இன்ட்ரோ' என்ற ஒரு கட்டளை போதும். நிறுவல்களைப் பற்றியே நிறுவ வேண்டுமென்றால் ஹில்பர்ட் முறை கைகொடுக்கும்: ஒவ்வொரு வரியும் மெய்கோளா, முந்தைய வரிகளிலிருந்து விதிப்படி வந்ததா என்று பார்த்தால் போதும். மெட்டாமாத் என்ற கணினி நிறுவல் நூலகம் இந்த வழியில்தான் நிற்கிறது. அதற்கான சரிபார்ப்பான் சில நூறு வரி நிரலில் அடங்கிவிடும்.

'எல்லா' என்ற அளவை வந்ததும் இரண்டிலுமே கவனம் வேண்டும். ம = 0 என்று கருதி, அதை விடுவிக்கும் முன்பே 'எல்லா ம-வும் 0' என்று பொதுமைப்படுத்தினால், 'ம = 0 என்றால் எல்லா எண்ணும் 0' என்ற பிழையான கூற்று நிறுவப்பட்டுவிடும். விடுவிக்காத கருதுகோளில் கட்டற்று (எந்த அளவையாலும் கட்டப்படாமல்) நிற்கும் மாறியைப் பொதுமைப்படுத்தக் கூடாது என்று கென்ட்சன் முறை விதியிலேயே தடுக்கிறது. ஹில்பர்ட் முறையில் அதே தடை உய்த்தறி தேற்றத்தின் நிபந்தனையாக வருகிறது. அங்கே அது எளிதில் கண்ணில் படாது.