நீலமா, பழுப்பா, பச்சையா? பழைய மருந்து சீசாவில் எதை எடுப்பது

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சீசாக்களைப் பரப்பி வைத்திருக்கும் கடை முன்னால் நின்றால், கை முதலில் நீலத்துக்குத்தான் போகும். வெயில் பட்டதும் தரையில் விரித்த சாக்கின் மேல் நீலத் திட்டு ஒன்று விழும். நான் முதலில் வாங்கியதும் நீலம்தான். கடைக்காரர் பழுப்புக்குச் சொன்னதைப் போல மூன்று மடங்கு விலை சொன்னார், கொடுத்தேன். இன்று ஒன்றே ஒன்று எடுக்கச் சொன்னால் பழுப்பைத்தான் எடுப்பேன்.

நீலத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. துளி கோபால்ட் சேர்த்தாலே கண்ணாடிக்கு அந்த நிறம் வந்துவிடும். பிரிட்டனில் விஷ மருந்துகளுக்கு இதை அதிகம் பயன்படுத்தினார்கள் (பச்சையிலும் விஷ சீசாக்கள் உண்டு). 1868-ல் வந்த சட்டம் விஷத்துக்கு லேபிள் ஒட்டச் சொன்னது. ஆனால் நடுராத்திரியில் தூக்கக் கலக்கத்தோடு அலமாரியைத் துழாவுகிறவர் லேபிளை எங்கே படிப்பார்? அதனால்தான் சீசாவை ஆறு பட்டையாக வார்த்து, பக்கங்களில் வரிவரியாக மேடு எழுப்பினார்கள். என்னிடம் இருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் சீப்பின் பல்லைத் தொட்ட மாதிரி இருக்கும். நடுவே 'நாட் டு பி டேக்கன்' (உட்கொள்ளக் கூடாது) என்று ஆங்கிலத்தில் புடைப்பெழுத்து. கிருமிநாசினியான கார்பாலிக் அமிலத்தை இருமல் மருந்தென்று குடித்துவிடாமல் காத்தது அந்த வரிமேடுதான்.

சரி, மருந்தைக் காப்பாற்றியது எது? பழுப்பு. இரும்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்து தருகிற நிறம் அது. புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் பெருமளவு தடுத்துவிடும். சில்வர் நைட்ரேட் வெளிச்சத்தில் கறுத்துப்போகும், ஹைட்ரஜன் பெராக்சைடு வீரியம் இழக்கும். இவற்றைக் கெடுக்கிற அந்த ஒளியையே நீலக் கண்ணாடி தாராளமாக உள்ளே விடுகிறது. நம்மூர் வெயிலில் இது சின்ன விஷயமா? இன்று மருந்துக்கடையில் வாங்கும் சிரப் பாட்டிலும் பழுப்பாகவே இருப்பது இதனால்தான். நூறு வருஷத்துக்கு மேலாக மாறாத வேலைக்காரன் என்பதால் எனக்கு அதன் மேல் தனி மரியாதை.

வெளிர் பச்சை பெரும்பாலும் மணலில் இருக்கும் இரும்பால் தானாக வருவது. அழகு உண்டு, ஒளியைத் தடுப்பதில் பழுப்புக்குக் கிட்டே வராது. ஆனால் கம்பவுண்டர் மிக்சர் (கலந்து தரும் மருந்து) ஊற்றிக் கொடுத்த சீசா அந்த ரகம் என்றால், பக்கத்தில் ஒட்டிய காகிதப் பட்டையின் தடயம் இருக்கிறதா என்று பாருங்கள். வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, அந்தப் பட்டையின் ஓரத்தைப் பல்பல்லாக வெட்டி ஒட்டுவார்கள். அது கிடைத்தால் நீலத்தையும் விட்டுவிடலாம்.

அண்ணா சாலையில் 1897-ல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடமே டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்து வியாபாரிக்காகக் கட்டியதுதான். அந்தக் கால மருந்து சீசாக்கள் இந்த ஊரில் இன்னும் தலைகாட்டுவதில் வியப்பில்லை. போலியும் கூடவே வரும், அதிலும் நீலத்தில்தான் அதிகம் பார்க்கிறேன். அச்சின் பாதிகள் சேரும் இடத்தில் விழும் வார்ப்புக் கோடு வாய் விளிம்பு வரை ஏறியிருந்தால் அநேகமாக இயந்திரத்தில் செய்தது. சீசா செய்யும் தானியங்கி இயந்திரம், அமெரிக்கரான ஓவன்ஸ் உருவாக்கியது, 1903-ல்தான் வந்தது; அதனால் அப்படிப்பட்ட சீசா அதற்கு முந்தையதாக இருக்காது. கழுத்தோடு கோடு நின்றுவிட்டால் விலை பேசலாம்.

அப்புறம், எதை வாங்கினாலும் அதில் தண்ணீர் ஊற்றிக் குடிக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் சரி, உள்ளே முன்பு என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது.