லேன் சிப் மாற்றியதாக 2,800 ரூபாய் பில். மாற்றியது கெர்னலை மட்டும்தான்

திண்டுக்கல்லில் டிடிபி சென்டர் வைத்திருக்கும் என் மச்சானிடம் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை 2,800 ரூபாய் கறந்துவிட்டது. கையால் எழுதிய துண்டுச் சீட்டில் ஒரே வரி: "லேன் ஐசி மாற்றியது." அதாவது, நெட் கேபிள் இணைப்பை இயக்கும் சிப்பை. புகார் போயிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. லினக்ஸ் வைத்திருக்கும் சின்னக் கடைக்காரர்கள் யாருக்கும் இது நடக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

அங்கே ஓடுவது உபுண்டு 22.04 என்ற லினக்ஸ். அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் நெட் இல்லை. மச்சான் கேபிளை மாற்றிப் பார்த்தார், ரௌட்டரை அணைத்துப் போட்டார். செட்டிங்ஸில் வயர்டு என்ற பகுதியே காணோம். வருமானச் சான்று, வில்லங்கச் சான்று என்று ஆட்கள் நிற்கும்போது எவ்வளவு நேரம் இதோடு மல்லுக்கட்ட முடியும்? சிபியூவைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போய்விட்டார். "போர்டுல லேன் சிப் செத்துருச்சுண்ணே. லினக்ஸ்ல அப்டேட் போட்டா சிப்பை அடிச்சிரும்" என்று சொல்லி, பாஸ்வேர்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அப்டேட் சிப்பை அடிக்குமா? 2008-ல் அடித்திருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதிதான் கெர்னல். அதன் 2.6.27-இன் சோதனைப் பதிப்புகளை ஓட்டியவர்கள் சிலருடைய இன்டெல் கார்டுகளில், உள்ளே இருக்கும் நினைவகமே அழிந்து கார்டு வேலை செய்யாமல் போனது. முழுப் பதிப்பு வெளிவருவதற்கு முன்பே அதை அடைத்துவிட்டார்கள். அதை வைத்துக்கொண்டு இன்றைக்கு மச்சானின் போர்டில் இருக்கும் ரியல்டெக் சிப் செத்துவிட்டது என்று சொல்வது வெறும் பூச்சாண்டி.

நான் ஊருக்குப் போனபோது, "மாப்ள, காசு போனா போகுது, நெட் வந்துருச்சுல்ல" என்றார் மச்சான். எனக்கு மனசு ஒப்பவில்லை. கேபினெட்டைத் திறந்தேன். லேன் சிப்பின் மேலும் சுற்றிலும் பழைய தூசி கலையாமல் படிந்திருந்தது. சூடான காற்றை அடித்து சிப்பைப் பெயர்த்த இடம் அப்படியா இருக்கும்? ரௌட்டரில் இந்தச் சிஸ்டத்தின் மேக் முகவரிக்கு (லேன் சிப்பின் அடையாள எண்) ஒரு நிலையான ஐபி ஒதுக்கி வைத்திருந்தோம். அதே மேக், அதே ஐபி. புதுச் சிப் வந்திருந்தால் மேக் மாறியிருக்க வேண்டும், இல்லையென்றால் யாராவது உட்கார்ந்து பழையதை எழுதியிருக்க வேண்டும்.

அடுத்து கெர்னல் பதிப்பைக் கேட்டேன். 5.19 என்றது. ஆனால் 6.2 நிறுவப்பட்டு பக்கத்திலேயே சும்மா கிடந்தது. அங்கேதான் பிடி கிடைத்தது.

சிஸ்டம் ஒவ்வொரு முறை பூட் ஆவதையும் உபுண்டு ஜர்னல் என்ற பதிவேட்டில் எழுதி வைக்கும். சூடோ போட்டு, அதாவது அட்மின் அதிகாரத்தோடு, ஓட்டிய கட்டளைகளும் அதில் விழும். சர்வீஸ் கடையில் இருந்த நாளைத் திறந்து பார்த்தால், 6.2-ல் ஒரு பூட், ஷட் டவுன், அடுத்த நிமிடமே 5.19-ல் பூட், அதிலேயே "லிங்க் அப்" (கேபிள் இணைப்பு வந்துவிட்டது) என்ற வரி. ஒரு நிமிடத்தில் ஐசி மாற்றும் வித்தகர்கள்! அதற்குக் கீழே, எந்தக் கெர்னலில் பூட் ஆக வேண்டும் என்று தீர்மானிக்கும் கிரப்பின் கான்ஃபிக் ஃபைலை நேனோ எடிட்டரில் திறந்ததும், அப்டேட் கிரப் ஓட்டியதும். பழைய கெர்னலே எப்போதும் வரும்படி மாற்றி வைத்துவிட்டு, பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன கெர்னலில் கடையை ஓட விட்டிருக்கிறார்கள். கோளாறு எங்கே என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. எனக்கு ஆத்திரம் வந்தது அதனால்தான்.

உண்மையான கோளாறு இது. அந்த போர்டில் இருப்பது ரியல்டெக் 8111 வகைச் சிப். அதற்கு கெர்னலோடு வரும் டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) ஆர்8169. முன்பு நெட் அடிக்கடி அறுந்ததால், ஒரு காலேஜ் பையன் ரியல்டெக்கின் சொந்த டிரைவரான ஆர்8168-ஐ டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாகப் போட்டு, ஆர்8169-ஐத் தடைப்பட்டியலில் சேர்த்திருந்தான். டிகேஎம்எஸ் ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் அந்த டிரைவரை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். கெர்னல் 6.1-ல் நெட்வொர்க் பகுதியின் ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் ஆர்குமென்ட்களில் ஒன்றை எடுத்துவிட்டார்கள். பழைய டிரைவர் அதைத் தெரியாமல் கூடுதலாக ஒன்றைக் கொடுக்க, கம்பைல் முறிந்துவிட்டது. ஒரு டிரைவர் உருவாகவில்லை, இன்னொன்றுக்குத் தடை. சிப் என்ன செய்யும், பாவம்.

டிகேஎம்எஸ்ஸிலிருந்து ஆர்8168-ஐ நீக்கி, தடைப்பட்டியல் வரியை அழித்து, பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் ஃபைலைப் புதுப்பித்து, 6.2-ல் பூட் செய்தேன். ஆர்8169-லேயே நெட் வந்தது. நயா பைசா செலவில்லை.

உங்களுக்கும் இப்படி ஆனால் சிபியூவைத் தூக்குவதற்கு முன் பவர் போட்டதும் எஸ்கேப் அல்லது ஷிஃப்டை அழுத்தி கிரப் மெனுவை வரவழைத்து, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். நெட் வந்தால் சிப் உயிரோடு இருக்கிறது. பழைய கெர்னல் இல்லையென்றால் உபுண்டுவை நேரடியாக ஓட்டும் பென் டிரைவில் (லைவ் யூஎஸ்பி) பூட் செய்தும் பார்க்கலாம். டெர்மினலில் எல்எஸ்பிசிஐ -கே (lspci -k) என்ற கட்டளையைக் கொடுத்தால் கார்டின் பெயர் வந்து, கீழே "டிரைவர் இன் யூஸ்" வரி மட்டும் இல்லாவிட்டால் டிரைவர் பிரச்சினைதான். அவசரத்துக்கு ஃபோனை யூஎஸ்பி டெதரிங்கில் போடுங்கள், அன்றைய வேலை ஓடிவிடும். எந்தக் கடையாக இருந்தாலும், கழற்றிய பாகத்தைக் கையில் கேளுங்கள்.

நாங்கள் கேட்டதற்கு "பழைய சிப்பைக் குப்பையில போட்டாச்சு" என்றார்கள். ஜர்னல் பிரிண்ட் அவுட்டை மேசையில் வைத்ததும் குரல் இறங்கியது; ஆயிரத்தைத் திருப்பித் தருவதாகப் பேரம் பேசினார்கள். மச்சான் வாங்கவில்லை. முறையான பில் கேட்டோம், அதற்கும் மழுப்பல். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிந்திருக்கிறோம். சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் அங்கே மனுக் கட்டணம் கிடையாது.