தாமஸ் பாட்ஸின் லங்காஸ்டர் சூனிய வழக்குப் பதிவு: நூல் மதிப்புரை

இங்கிலாந்தின் சூனிய வழக்குகளை அக்கறையோடு அறிய விரும்புகிறவர்கள், 1612 ஆகஸ்டில் லங்காஸ்டரில் நடந்த விசாரணையைப் பற்றி நீதிமன்ற எழுத்தர் தாமஸ் பாட்ஸ் எழுதி 1613இல் வெளியான நூலைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பேன். நான் படித்தது, பழைய வரலாற்று ஆவணங்களை வெளியிட்ட செத்தம் சங்கத்துக்காக ஜேம்ஸ் கிராஸ்லி 1845இல் பதிப்பித்து, இப்போது புராஜெக்ட் குட்டன்பர்க்கில் இலவசமாகக் கிடைக்கும் மின்பதிப்பு.

நூலின் உயிர் சாட்சியங்களில் இருக்கிறது. அலிசன் டிவைஸ் என்ற இளம்பெண் ஜான் லா என்ற மூட்டை வியாபாரியிடம் குண்டூசி கேட்கிறாள்; அவர் மூட்டையை அவிழ்க்க மறுக்கிறார்; சற்று நேரத்தில் விழுந்துவிடுகிறார். கோணிய தலை, உருமாறிய முகம், குழறும் பேச்சு, விளங்காத இடது கை என்று பாட்ஸ் விவரிப்பதைப் படித்தால் நமக்குப் பக்கவாதம்தான் நினைவுக்கு வரும். அலிசனோ, கருநாய் உருவில் வந்த ஆவி தன் சொல் கேட்டு அவரை முடமாக்கியது என்று மண்டியிட்டு அழுகிறாள். அவரைக் குணப்படுத்த முடியுமா என்று கேட்டதற்கு, தன்னால் முடியாது, சிறையில் இறந்த பாட்டி டெம்டைக் உயிரோடிருந்தால் முடிந்திருக்கும் என்கிறாள். இதைவிடக் கொடியது, அலிசனின் தங்கையான சுமார் 9 வயதுச் சிறுமி ஜெனட் தன் தாய்க்கு எதிராகச் சாட்சி சொல்லும் இடம்: கதறிய தாயை வெளியேற்றிவிட்டு, குழந்தையை மேசைமேல் நிறுத்திப் பேச வைக்கிறார்கள்.

இருப்பினும் இது நடந்ததை நடந்தபடி தரும் பதிவு அன்று. நீதிபதி எட்வர்ட் பிராம்லியே கையெழுத்துப் படியைப் பார்த்துத் திருத்தினார். உள்ளூர் நீதிபதி ரோஜர் நோவெல் முன்கூட்டியே எழுதி வாங்கிய வாக்குமூலங்களே பெரும்பாலான பக்கங்களை நிரப்புகின்றன. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாட வழக்கறிஞர் எவரும் இல்லை. அதே அமர்வில் சாம்ஸ்பரியைச் சேர்ந்த மூன்று பெண்கள்மீது ஒரு சிறுமி சொன்ன புகார், கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் சொல்லிக்கொடுத்த பொய் என்று தள்ளப்படுகிறது. ஒரு சிறுமியின் சொல்லை நம்பித் தூக்குத் தண்டனை கொடுத்த நீதிமன்றம், இன்னொரு சிறுமியின் சொல்லைத் துருவி ஆராய்ந்தது ஏன் என்ற கேள்வியோடு இவ்விரு பகுதிகளையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும்.

பழைய எழுத்துக்கூட்டல் தொடக்கத்தில் சிரமம் தரும்; சில பக்கங்களில் பழகிவிடும். கிராஸ்லியின் நீண்ட முன்னுரை பயனுள்ளதுதான் என்றாலும், சாட்சியங்களுக்குப் பிறகு படிப்பதே நல்லது, ஏனெனில் அந்த மனிதர்களின் பேச்சை முதலில் நாமே கேட்க வேண்டும்.