நாட்டு மருந்துக் கடைத் தேன்: இருமலுக்கு எது, வீண் செலவு எது

பினாங்கு லிட்டில் இந்தியாவில் லெபோ பசார் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடை, மூன்று வகைத் தேன் வைத்திருக்கிறார்கள். துவாலாங் மலைத்தேன், கெலுலுட் (கொசுத்தேன் என்பார்களே, கொட்டாத சின்னத் தேனீ, அதுதான்), அப்புறம் 'சுத்தமான தேன்' என்று மட்டும் லேபிள் ஒட்டிய மலிவுப் பாட்டில். மூன்றையும் வாங்கினோம். புகைமூட்டம் வந்தால் எங்கள் வீட்டில் தொண்டை கட்டாதவர் கிடையாது, அதனால் சோதித்துப் பார்க்க ஆளுக்குப் பஞ்சமில்லை.

என் ஓட்டு துவாலாங்குக்குத்தான். கெடா காடுகளில் 80 மீட்டர் வரைகூட வளரும் மரம் அது, உச்சிக் கிளைகளில் மலைத்தேனீ கட்டும் கூட்டிலிருந்து எடுக்கிறார்கள். நல்ல கருப்பு, விழுங்கிய பிறகும் அடித்தொண்டையில் லேசாக ஒரு கசப்பு நிற்கும். சித்தரத்தைப் பொடி ஒரு சிட்டிகை, தேன் அரைக் கரண்டி, குழைத்துப் படுக்கப் போகும்முன் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினால், தலை தலையணையில் பட்டதும் ஆரம்பிக்குமே ஒரு வறட்டு இருமல், அது அடங்குகிறது. பாட்டி வைத்தியம்தானே என்று சிரிக்க வேண்டாம், இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டிகள் வகுக்கும் நைஸ் அமைப்பு 2019இல் வெளியிட்ட இருமல் வழிகாட்டியிலேயே தேன் இருக்கிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் எந்தத் தேனையும் நாக்கில்கூடத் தடவாதீர்கள். பொட்டுலிசம் என்ற நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம், பெரியவர்களை ஒன்றும் செய்யாது, பச்சைக் குழந்தையின் குடல் தாங்காது. சேனை தொட்டு வைக்கிற பெரியவர்களிடம் இதைச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

கெலுலுட்டுக்கு வருவோம். புளிப்பு, தண்ணீர் மாதிரி ஓடும், சின்னப் பாட்டிலே 50 வெள்ளிக்கு மேல். வாய்ப்புண்ணில் தொட்டு வைத்தால் சுரீர் என்று எரிந்து அப்புறம் இதமாக இருக்கிறது, ஆனால் வெறும் இருமலுக்கு இந்த விலை கொடுக்கத் தேவையே இல்லை. கடைக்காரர் அதை வெயில் படுகிற அலமாரியில் வைத்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. இதில் ஈரப்பதம் அதிகம், சூட்டில் சீக்கிரம் நொதிக்கும், எங்கள் பாட்டில் திறந்ததும் புஸ் என்று நுரை தள்ளியது.

இதைவிட உறுத்தியது அவர் பேச்சு. "அண்ணே, இனிப்பு நீர் உள்ளவங்களும் தாராளமா குடிக்கலாம்" என்கிறார், சர்க்கரை நோயாளிகளைத்தான் சொல்கிறார். கெலுலுட்டில் மெதுவாகச் செரிக்கும் டிரெஹலுலோஸ் என்ற சர்க்கரை இருப்பதை 2020இல் ஆய்வாளர்கள் கண்டது உண்மைதான், ஆனால் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் அதிலும் உண்டு. இனிப்பு நீருக்கு மாத்திரை எடுப்பவர் டாக்டரைக் கேட்காமல் தினமும் கரண்டி கரண்டியாகக் குடிப்பதற்கு அது அனுமதிச் சீட்டு இல்லை.

மலிவுப் பாட்டிலை நான் விட்டுவிட்டேன். வெறும் இனிப்பு, வாசமே இல்லை, எங்கே எடுத்தது என்றும் லேபிளில் இல்லை. சுத்தமானது என்று காட்ட அவர் தீக்குச்சியைத் தேனில் முக்கி உரசினார், பற்றிக்கொண்டது. கெட்டியான சர்க்கரைப் பாகில் முக்கினாலும் பற்றும். அடியில் உறைவதை வைத்தும் கலப்படம் என்று சொல்ல முடியாது, நல்ல தேனும் உறையும்.

கடையைக் குறை சொல்லியே முடிக்க மனமில்லை, சித்தரத்தையும் திப்பிலியும் அங்கே வாசம் போகாமல் கிடைக்கின்றன, ருசி பார்க்கக் கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார்கள். துவாலாங்கில் சின்னப் பாட்டில் போதும். கெலுலுட்தான் வேண்டுமென்றால் அலமாரியில் இருப்பதை எடுக்காதீர்கள், உள்ளே ஐஸ்பெட்டியில் வைத்திருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.